கெடாத பால்

பிப்ரவரி 11

முழங்கால் வலி. மாத்திரை போடவில்லை, போட்டால் வேலை நேரத்தில் கண் சொக்குகிறது.

பால் பரிசோதனைக் கூடத்தில் இன்று ஒரு வேடிக்கை. நேற்று மாலை இரண்டு குப்பிப் பாலைக் குளிர்பெட்டிக்குள் வைக்க மறந்து, மேஜை மேலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறேன். ஒன்றில் சும்மா பால். மற்றதில் என் சாறு கலந்தது. கிராம்பு, பட்டை, கொய்யா இலை மூன்றையும் ஊறவைத்து, வடித்து, சுண்டவைத்து எடுத்த அந்தத் தார் மாதிரி வஸ்து, கொஞ்சமே கொஞ்சம். சும்மா பால் திரைந்து தண்ணீர் பிரிந்து கிடந்தது. மூடியைத் திறந்ததும் ஆளைத் தள்ளியது. சாறு கலந்தது அப்படியே இருந்தது. முகர்ந்து பார்த்தேன். பால் வாசனைதான். ஓரத்தில் கிராம்பு.

பக்கத்து மேஜைக்காரனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவனுக்கு ‘கண்ணாடி’ என்று பெயர் வைத்திருக்கிறோம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் கதவு எது, சுவர் எது என்று அவனுக்குத் தெரியாது. குப்பியை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, “அக்கா, பால் உங்களுக்குப் பயந்துபோய் நிக்குது” என்றான்.

இத்தனை வருஷமாக ஊரார் பாலில் இருக்கிற கிருமிகளை எண்ணி எண்ணி எழுதினேன். அவை என் கையால் குறைவதை இப்போதுதான் பார்க்கிறேன். சந்தோஷமாக இருக்கிறது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

பிப்ரவரி 15

விடுமுறை. அண்ணன் வீட்டுக்குப் போனேன். போனதும் சொல்லிவிட்டேன், அடக்க முடியவில்லை.

அண்ணனுக்கு அது காதில் தேனாகப் பாய்ந்தது. அவருக்குப் பால் வியாபாரம். பின்னால் மாட்டுக் கொட்டகை, நடுவில் பால் குளிரூட்டுகிற எஃகுத் தொட்டி, முன்னறையில் அண்ணி பாட்டில்களில் நிரப்பி மூடி போடுகிறாள். அவர்களுடைய வாடிக்கைக்காரர்கள் பச்சைப் பால்தான் வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள். கறந்தபடி, காய்ச்சாமல். ஆனால் நாலாம் நாளே பாட்டில் கசந்து திரும்பி வருகிறது.

“பாப்பா, அந்தச் சாறை நம்ம பால்ல விட்டுப் பார்த்தா என்ன?” என்றார். ஐம்பது வயதிலும் நான் அவருக்குப் பாப்பாதான்.

கையோடு கொஞ்சம் கொண்டுபோயிருந்தேன். ஏன் கொண்டுபோனேன்? கேட்பார் என்று தெரிந்துதான்.

சாறு கலந்த பாலை முதலில் வாங்கிக் குடித்தது சிட்டு. அண்ணன் மகள், ஆறு மாதக் கர்ப்பிணி, பிரசவத்துக்காக அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, “அத்தை, பல் டாக்டர்கிட்ட போயிட்டு வந்த மாதிரி இருக்கு” என்றாள். அண்ணிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்று சொன்னேன். சொன்னேன்தான். அப்போது மூடி போடுகிற இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. யார் காதிலாவது விழுந்ததா?

பிப்ரவரி 28

அண்ணன் வீட்டில் பாட்டில் எதுவும் திரும்பி வருவதில்லையாம். பாட்டில் வாங்க வந்த தையல்காரரை வாசலில் பார்த்தேன். மனைவி போனபிறகு தனியாக இருக்கிறார். கழுத்தில் அளவு நாடா தொங்கியபடியே வந்திருந்தார். “நீங்கதானா அந்தப் பால் அம்மா? முன்னெல்லாம் பாதி பாட்டிலைக் கொட்டுவேன். இப்ப பத்து நாள் வச்சுக் குடிக்கிறேன், கெடவே மாட்டேங்குது” என்று கும்பிட்டார்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

உள்ளே போனால் பாட்டில்களில் புது ஸ்டிக்கர். பச்சை இலைப் படம். ‘மூலிகைக் காவல் — காய்ச்சத் தேவையில்லை.’

“அண்ணி, இதை எடுத்துடுங்க.”

“ஏன்? நீதானே கிருமி குறையுதுன்னு சொன்ன?”

“குறையுதுன்னுதான் சொன்னேன். சாகுதுன்னு சொல்லலை.”

“சாகாம எப்படிம்மா குறையும்? வெளியூர் போயிருக்குமா?”

அண்ணன் சிரித்தார். சிட்டு சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 7

ஸ்டிக்கரை அண்ணி எடுக்கவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.

மார்ச் 12

கண்ணாடி இன்று என் மேஜைக்கு வந்து நின்றான். ஏதோ கேட்க வேண்டும், கேட்கத் தயக்கம்.

“அக்கா, நீங்க சாறை வச்சு சோதிச்சதெல்லாம் கொழுப்பு எடுத்த பால்லதானே?”

“ஆமாம். அதுலதான் தட்டுல வளர்ற கிருமி தெளிவாத் தெரியும்.”

“உங்க அண்ணன் மாட்டுப் பால் கெட்டியா இருக்கும்னு சொல்லுவீங்களே...”

வேலையைப் பார் என்று எரிந்து விழுந்தேன். பாவம், போய்விட்டான்.

அவன் கேட்டது எனக்கு நன்றாகப் புரிந்தது. அதனால்தான் கோபம் வந்தது. கிராம்பில் இருக்கிற சத்து எண்ணெய் வகை. பாலில் கொழுப்பு இருந்தால் அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும். கிருமியைத் தொடவே வராது. படித்த பாடம்தானே இது!

கெட்டிப் பாலில் மறுபடி எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க வேண்டும். குளிரில் வளர்கிற வகைகளையும் சேர்த்து.

மார்ச் 19

முடிவுகள் வந்துவிட்டன. ஒழுங்காக எழுதிவைக்கிறேன், எனக்கே தெளிவாகட்டும்.

பாலைக் கசக்க வைக்கிற, திரைய வைக்கிற வகைகளைச் சாறு கெட்டிப் பாலிலும் தாமதப்படுத்துகிறது. அதனால்தான் பாட்டில் பத்து நாள் நிற்கிறது. ஆனால் லிஸ்டீரியா என்று ஒன்று உண்டு. குளிர்பெட்டிக்குள்ளும் வளரும், மெதுவாக. பாலின் நிறம் மாறாது, மணம் மாறாது, ருசி மாறாது. கொழுப்பு எடுத்த பாலில் சாறு அதை அடித்துப் போட்டது. கெட்டிப் பாலில் அதன்மேல் ஒரு கீறல்கூட இல்லை.

முன்பெல்லாம் அது பெருகுவதற்குள் பால் கெட்டுவிடும். ஜனங்கள் முகம் சுளித்துக் கொட்டிவிடுவார்கள். பால் தானே எச்சரித்தது. இப்போது அந்த எச்சரிக்கையை நான் எடுத்துவிட்டேன். மெதுவாக வளர்கிற ஒன்றுக்கு வேண்டிய அவகாசத்தை நானே கொடுத்திருக்கிறேன்.

இது பயம்தான். அண்ணன் பாலில் அது இருக்கிறது என்று யார் சொன்னது? சுத்தமான கொட்டகை. மாடுகள் ஆரோக்கியமாக இருக்கின்றன. இல்லாத ஒன்று எப்படி வளரும்?

நாளைக்குப் பேச வேண்டும்.

மார்ச் 20

நான் பேசுவதற்குள் அண்ணனே கூப்பிட்டுவிட்டார். “பாப்பா, கருப்பி ஒரே பக்கமா சுத்துறா. வந்து பாரேன்.”

போனேன். கொட்டகைக்குப் பின்னால் காலி இடத்தில் கருப்பி, அண்ணனின் கறவை மாடு, இடப்பக்கமாகவே வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. தலை சாய்ந்திருந்தது. ஒரு காது மட்டும் துவண்டு தொங்கியது. வாயின் அந்தப் பக்கம் எச்சில் கயிறு போல வழிந்தது. கம்பத்தில் முட்டும், நிற்கும், மறுபடி இடப்பக்கமாகவே திரும்பும். கொட்டகைக்குள் இருந்த மற்ற மாடுகள் அசை போடுவதை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தன.

மாட்டு டாக்டர் வந்து கண்ணுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தீவனக் குழி எங்கே என்று கேட்டார். குழியில் போட்டு மூடிப் பதப்படுத்துகிற தீவனம் அது. மேலே மூடிய தார்ப்பாய் ஒரு மூலையில் கிழிந்திருந்தது. மழைத்தண்ணீர் இறங்கி, அந்த மூலை முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாகப் பூசணம்.

“இதுலதான் லிஸ்டீரியா வரும். மூளைக்கு ஏறிடும். இந்த மாட்டுப் பாலைத் தொடாதீங்க” என்றார்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். “நேத்து வரைக்கும் இவ பாலும் தொட்டியிலதான் விழுந்துச்சு.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.

மார்ச் 21

தொட்டியிலிருந்தும், முன்னறையில் அடுக்கியிருந்த பாட்டில்களிலிருந்தும் பால் எடுத்துவந்து சோதனைக்குப் போட்டுவிட்டேன். கண்ணாடி தானாகவே உதவிக்கு வந்தான். தட்டுகளைக் கழுவி அடுக்கிக் கொடுத்தான்.

அண்ணனிடம் விற்பனையை நிறுத்தச் சொன்னேன். “முடிவு வரட்டும் பாப்பா. ஒரு தடவை நிறுத்தினா யாரும் திரும்பி வரமாட்டாங்க” என்றார். அவர் தூங்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது.

சிட்டுவைத் தனியாகக் கூப்பிட்டு, பச்சைப் பாலை இனிமேல் தொடவே கூடாது என்றேன்.

“தினமும் காலையில ஒரு டம்ளர் குடிக்கிறேனே அத்தை.”

“காய்ச்சித்தானே?”

“எதுக்கு? உங்க சாறு போட்டதுதானே அது? அதனாலதானே தைரியமா குடிக்கிறேன்.”

அண்ணி எங்கிருந்தோ வந்துவிட்டாள். “புள்ளைத்தாச்சிகிட்ட என்ன பேச்சு இது? வயித்துல இருக்கறது கேட்டுக்கிட்டு இருக்கும். பயமுறுத்தாதே.”

இந்தக் கிருமி தாயை ஒன்றும் பெரிதாகச் செய்யாது என்பதை நான் சொல்லவில்லை. லேசான காய்ச்சல், உடம்பு வலி, அவ்வளவுதான். அது தேடிப் போவது வேறு இடம்.

மார்ச் 22

எதுவும் இல்லை. காத்திருக்கிறேன்.

மார்ச் 23

அடுப்பில் எதையோ வைத்துவிட்டுக் கருகும் வரை நின்றிருந்தேன்.

மார்ச் 24

தட்டு கறுத்துவிட்டது.

அந்தக் கிருமி இருந்தால் மட்டும் கறுக்கிற மாதிரித் தயாரித்த தட்டு அது. மூடியைத் திறக்கவே தேவைப்படவில்லை. வெளியிலிருந்தே தெரிந்தது, ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் மை கொட்டின மாதிரி. தொட்டிப் பாலில் கொஞ்சம். பழைய பாட்டிலில்... அய்யோ, தட்டு முழுக்க. அந்தப் பாட்டிலைத் திறந்து முகர்ந்தேன். நல்ல பால். அன்று கறந்தது மாதிரி இருந்தது.

கண்ணாடி “அக்கா, உட்காருங்க” என்றான். உட்காரவில்லை. மேலதிகாரியிடம் போய், என் அண்ணன் பால், என் சாறு, தட்டு இது என்று சொல்லிவிட்டேன். அவர் உடனே சுகாதார அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். நான் பேருந்துக்குக்கூடக் காத்திராமல் ஆட்டோ பிடித்து ஓடினேன்.

அண்ணன் முன்னறையில் இருந்தார். “வந்துடுச்சு அண்ணா” என்றேன். எழுந்து போய் எஃகுத் தொட்டியின் அடிக்குழாயை முழுக்கத் திறந்துவிட்டார். பால் சிமெண்டுத் தரையில் விழுந்து, கொட்டகை வாய்க்காலில் இறங்கி, வாசல் வழியாகத் தெருவுக்குப் போயிற்று. அண்ணி ஓடிவந்து, “என்ன பண்றீங்க, புத்தி கெட்டுப் போச்சா” என்று கத்தினாள். அவர் குழாயில் வைத்த கையை எடுக்கவே இல்லை. தெருவே வெள்ளையாக ஓடிற்று.

பிறகு தொலைபேசியை எடுத்து ஒவ்வொரு வீடாகக் கூப்பிட ஆரம்பித்தார். “நம்ம பாலைக் குடிக்காதீங்க. கொட்டிடுங்க. ஆமா, கெடலதான். இருந்தாலும் கொட்டிடுங்க.” இதையே திரும்பத் திரும்ப. ஒரு வீட்டில் சிரித்திருக்கிறார்கள் போல. “விளையாட்டு இல்லைங்க” என்று அண்ணன் சொன்ன குரல் —

தையல்காரர் மட்டும் எடுக்கவில்லை.

உள்ளறையில் சிட்டு போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். நெற்றியில் கை வைத்தேன். சுட்டது.

“எப்ப இருந்து?”

“முந்தாநாள்ல இருந்து. லேசாத்தான் அத்தை. சொன்னா நீங்க இன்னும் பயப்படுவீங்கன்னு...”

ஏன் சொல்லலை? ஏன்டி சொல்லலை? நானே அவளைப் பயமுறுத்திவிட்டு, ஏன் பயந்தாய் என்று நானே கேட்கிறேன்.

மார்ச் 25

ஆஸ்பத்திரி. சிட்டுவின் புருஷன் வந்துவிட்டான். ஊர் ஊராக லாரி ஓட்டுகிறவன், வண்டியை வழியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான். வார்டு வாசலிலேயே நிற்கிறான்.

டாக்டரம்மா வெளியே வந்தார். “பச்சைப் பால் குடிச்சாங்களா?” குடித்தாள் என்றேன். “படிச்ச பொண்ணு, ஏன் குடிச்சாங்க?”

அண்ணி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சிட்டுவே உள்ளே சொல்லியிருக்கிறாள் போல. டாக்டரம்மா மறுபடி கேட்டார். “ஏதோ மூலிகை கலந்திருக்கு, காய்ச்ச வேணாம்னு பாட்டில்லயே போட்டிருந்ததாமே. யார் அப்படிப் போட்டது?”

அண்ணி என்னைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் எதற்கும் கெஞ்சியது இல்லை.

“நான்தான்” என்றேன்.

பொய்யா அது? எழுத்து அண்ணியுடையது. அந்த எழுத்துக்குத் தைரியம் கொடுத்தது யார்?

டாக்டரம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போனார். மருந்து ஏற்றுகிறார்கள். குழந்தையின் நெஞ்சுத் துடிப்பு சீராக இல்லை என்கிறார்கள்.

மார்ச் 26

அண்ணன் தையல்காரர் வீட்டுக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். பூட்டியிருந்ததாம். பக்கத்துக் கடைக்காரர் சொன்னாராம்: “காய்ச்சல்னு சொன்னார், அப்புறம் கழுத்தைத் திருப்ப முடியலைன்னார். பேச்சும் கோணலாப் போச்சு. ஆம்புலன்ஸ்ல கொண்டுபோயிருக்காங்க.”

வேறு ஆஸ்பத்திரி. அண்ணன் அங்கே போய் டாக்டர்களிடம் பாலைப் பற்றிச் சொல்லிவிட்டு இங்கே வருகிறார், இங்கிருந்து அங்கே போகிறார்.

கருப்பி காலையில் செத்துப்போயிற்றாம்.

மார்ச் 30

பெண் குழந்தை. நாள் ஆவதற்கு முன்பே எடுத்துவிட்டார்கள். அழவில்லை, பிறகு அழுதது. உடம்பெல்லாம் சின்னச் சின்னப் பருக்கள். அதன் முதுகெலும்பில் ஊசி போட்டு நீர் எடுத்திருக்கிறார்கள். நீரிலும் இருக்கிறது, மூளைவரை போயிருக்கிறது. அதே கிருமி.

கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். உள்ளங்கையை விடக் கொஞ்சம்தான் பெரிய நெஞ்சு. ஏறுவதும் இறங்குவதும் வெளியிலிருந்தே தெரிகிறது. நான் பெட்டிக்கு இந்தப் பக்கம் நின்று அதோடு சேர்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். நர்ஸ் வந்து, “அம்மா, நீங்க போய் ஏதாவது சாப்பிடுங்க” என்றாள்.

அண்ணி என்னோடு பேசுவதில்லை.

ஏப்ரல் 9

தையல்காரர் இறந்துவிட்டார்.

அண்ணனும் நானும் போனோம். வீட்டுக்குள் இயந்திரத்தில் பாதி தைத்த சட்டை இருந்தது. ஊசி துணியிலேயே குத்தி நின்றது. சமையலறையில் குளிர்பெட்டியைத் திறந்தேன், திறந்திருக்க வேண்டாம். பச்சை இலை ஸ்டிக்கர். பாதி பாட்டில். மகள் தூரத்திலிருந்து வந்திருந்தாள். “அப்பா எப்பவும் உங்க பாலைத்தான் சொல்லுவார்” என்றாள், நல்ல வார்த்தையாகத்தான். அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவளிடம் விஷயத்தைச் சொன்னோம். அண்ணன் சொல்ல ஆரம்பித்தார், முடியவில்லை, நான் முடித்தேன். அவள் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே வந்தோம்.

ஏப்ரல் 27

விசாரணைக்குப் போய்வந்தேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். இனி என்னை எந்த ஆராய்ச்சியிலும் சேர்க்க மாட்டார்கள். எண்ணுகிற வேலை மட்டும் இருக்கிறது. அது போதும்.

மே 4

குழந்தையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிழைத்துவிட்டது, பிழைத்துவிட்டது! சிட்டு தொலைபேசியில் அழுதுகொண்டே சொன்னாள். “அத்தை, பால் குடிக்குது. நல்லா குடிக்குது.” அவளே கூப்பிட்டுச் சொன்னாள். என்னை.

ஜூன் 16

அண்ணன் பாலைச் சூடாக்கிக் குளிர்விக்கிற இயந்திரம் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார். அனுமதி கிடைத்த பிறகுதான் விற்பனை. வாடிக்கைக்காரர்களில் பாதிப்பேர்கூடத் திரும்பி வருவதாகச் சொல்லவில்லையாம்.

கண்ணாடி சாப்பாட்டு நேரத்தில் மெதுவாகச் சொன்னான். “சாறுமேல தப்பில்லக்கா. காய்ச்சின பிறகும் பாலுக்கு ஒரு துணையா இருக்கும். அது மட்டுமே போதும்னு நெனச்சதுதான்...”

அதுதான் தெரியுமே.

மீதி இருந்த சாற்றை அவனிடமே கொடுத்துவிட்டேன். கெட்டிப் பாலிலிருந்து ஆரம்பி என்று மட்டும் சொன்னேன்.

செப்டம்பர் 12

சிட்டு வற்புறுத்திக் கூப்பிட்டாள், போனேன். அண்ணி எனக்குத் தட்டு வைத்தாள், பேசவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பிறகு நேராக ஒரு வார்த்தை கிடையாது.

குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறது. முகத்தைப் பார்த்தால் சிரிக்கிறது, குனிந்தால் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்குகிறது. தொட்டிலை முன்னறையில்தான் கட்டியிருக்கிறார்கள். அடுத்த அறையில் புது இயந்திரம். அது ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது காதில் விழாது, ஜன்னல் கம்பிகூட அதிர்கிறது.

“பாருங்க அத்தை, இவ்வளவு சத்தத்துலயும் எப்படித் தூங்குறா. எந்தத் தொந்தரவும் கிடையாது. ரொம்ப சமத்து” என்றாள் சிட்டு. கன்னத்தைத் தடவிவிட்டுத் துணி உலர்த்த மாடிக்குப் போனாள்.

இயந்திரம் நின்றது. குழந்தை கண் விழித்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அதன் தலைமாட்டுக்குப் பின்னால் போய் நின்று கை தட்டினேன். அது விட்டத்தையே பார்த்தது. பலமாகத் தட்டினேன். இன்னும் பலமாக.

நிமிர்ந்தால் கதவில் அண்ணி நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

“நானும் தட்டிப் பார்த்தேன்” என்றாள். “தட்டிப் பார்த்தேன், தட்டைக் கீழ போட்டுப் பார்த்தேன்.”

அவள் வந்து தொட்டிலின் மறுபக்கம் நின்றாள்.

“சிட்டுக்கு இன்னும் தெரியாது. நாளைக்குக் காது டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். அவர் சொல்றதெல்லாம் எனக்குப் புரியாது. நீயும் வா.”

“வரேன் அண்ணி.”

மாடியிலிருந்து சிட்டு ஏதோ பாடிக்கொண்டே இறங்கி வரும் சத்தம் கேட்டது. நாங்கள் இருவரும் முகத்தைத் துடைத்துக்கொண்டோம். குழந்தை என் விரலைப் பிடித்திருந்தது, விடவில்லை. நல்ல பிடி.